கடல்மீன் தொட்டியில் மீன் சுணங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 11 வருடமாக வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். மீன் டாக்டர் இல்லை. நிறைய மீனைச் சாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டவன். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் மங்கலாக ஒரு படம் வரும், கூடவே "என்ன நோய், என்ன மருந்து?" என்று ஒரு வரி. கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான் என்பதால் பதில்களை இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

மீனுக்கு உடம்பு சரியில்லன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது? எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது.

சாப்பாட்டையும் மூச்சையும் பாருங்கள். புள்ளியும் புண்ணும் அப்புறம்தான் வரும். தீனி டப்பாவை எடுத்தாலே கண்ணாடிக்கு ஓடி வரும் மீன் ஒருநாள் கல் இடுக்கிலேயே நின்றுவிட்டால், அன்றைக்கே ஏதோ தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொள்வது, கல்லிலும் மணலிலும் விலாவை உரசுவது, தலையை உதறுவது, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குவது, இவையெல்லாம் தோலிலோ செவுளிலோ ஏதோ உறுத்துகிறது என்பதற்கு அடையாளம்.

மூச்சை எண்ணுவதற்குக் கண் போதாது. போனில் 30 விநாடி வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, செவுள் மூடி எத்தனை தடவை திறக்கிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மீன் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை எண்ணி எங்காவது எழுதி வைக்க வேண்டும். இதை மட்டும் யாரும் செய்வதில்லை. என் வீட்டு நீமோ (கோமாளி மீன்) ஒன்று சாதாரணமாக நிமிடத்துக்கு 75 தடவை மூச்சு விடும். ஒருநாள் காலையில் 130 இருந்தது. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. புள்ளி மறுநாள்தான் வந்தது.

காலைல எழுந்து பார்த்தா எல்லா மீனும் மேல வந்து வாயைப் பிளக்குது. அவசரம் ப்ரோ, என்ன மருந்து ஊத்தணும்?

எதுவும் ஊற்றாதீர்கள். எல்லா மீனும் ஒரே நேரத்தில் திணறினால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். ஒட்டுண்ணி பெரும்பாலும் ஒன்றிரண்டு மீனில் தொடங்கிப் பரவும். ராத்திரி கரண்ட் போனதா, பம்ப் நின்றதா, கல்லுக்குப் பின்னால் ஏதாவது செத்து அழுகுகிறதா என்று பாருங்கள். ஏர் பம்பைப் போட்டு, மேல்பரப்பு நன்றாகக் கலங்கும்படி பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் சின்ன பம்ப்) திருப்பிவிடுங்கள். அதன் பிறகு அமோனியா (மீன் கழிவிலிருந்து வரும் விஷம்) டெஸ்ட்.

உப்புத்தண்ணீர் நன்னீரைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜனைக் குறைவாகத்தான் பிடித்து வைக்கும். சூடு ஏற ஏற அதுவும் குறையும். மே மாதம் சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் கருவி) இல்லாத தொட்டி 32 டிகிரியைத் தொட்டால் மீன் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

தண்ணியில என்னென்ன பார்க்கணும்? டெஸ்ட் கிட் எல்லாம் விலை ஜாஸ்தியா இருக்கே.

செத்துப்போகும் ஒரு டேங் மீனின் (டோரி இந்த இனம்தான்) விலையைவிடக் கம்மிதான். அமோனியா, நைட்ரைட், பிஎச், உப்பின் அடர்த்தி, வெப்பம் இந்த ஐந்தும் தெரியாமல் நோயைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. அடர்த்தி 1.025 (நல்ல தண்ணீர் 1 என்றால்), வெப்பம் 25 முதல் 27 டிகிரி, பிஎச் 8.1 முதல் 8.4, அமோனியா பூஜ்யம்.

நன்னீர் மீன் வளர்த்துவிட்டு வருபவர்கள் "அமோனியா கொஞ்சம்தான் காட்டுது" என்பார்கள். பிஎச் 7ல் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. பிஎச் 8.2ல் அந்தப் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும். அங்கே தாங்கியது இங்கே கொன்றுவிடும். அடர்த்தி பார்க்க, முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) வாங்கி, அதற்கென்று விற்கும், ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு அளவுள்ள கரைசலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டோரி மேல உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. ஹீட்டரை ஏத்தி, கொஞ்சம் கல்லுப்பு போட்டா போயிடும்தானே?

போகாது. உங்கள் தொட்டியே உப்புத் தொட்டிதானே! நன்னீர் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கு அந்த வைத்தியம் சரி. கடல்மீனுக்கு வருவது கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்ற வேறொரு உயிரி. கடலிலேயே பிறந்து வளர்வதற்கு உப்பைப் போட்டு என்ன ஆகப்போகிறது? சூட்டை ஏற்றினால் ஆக்சிஜன் குறைந்து, ஏற்கெனவே செவுளில் ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கும் மீன் இன்னும் திணறும்.

ரெண்டு நாள்ல புள்ளி தானா மறைஞ்சுடுச்சு அண்ணா. அப்ப சரியாயிடுச்சு இல்ல?

இந்தக் கேள்விதான் அதிகமான மீன்களைக் கொன்றிருக்கிறது. அந்தப் புள்ளி என்பது மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. 3 முதல் 7 நாள் தின்றுவிட்டு, பெரும்பாலும் இருட்டு நேரத்தில், தானாகவே கழன்று விழும். மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள்ளேயே பிரிந்து பிரிந்து பெருகி, வழக்கமாக 3 முதல் 28 நாளுக்குள் வெடிக்கும். 72 நாள் வரை தங்கியதும் பதிவாகியிருக்கிறது. ஒரு கூட்டிலிருந்து இருநூறு குஞ்சுகள்கூட வரும். அவை ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாகும்.

ஆகவே புள்ளி மறைந்தது என்றால் நோய் மீனை விட்டுத் தரைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த அலையில் பத்துப் புள்ளி நூறாக வரும். தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து தொடாது, நீந்தித் திரியும் குஞ்சைத்தான் கொல்லும். மருந்தை ஏன் வாரக்கணக்கில் வைக்கச் சொல்கிறார்கள் என்பதற்கும் இதுதான் காரணம்.

என் மீன் மேல இருக்கிறது புள்ளி மாதிரியே இல்ல, பவுடர் அடிச்ச மாதிரி இருக்கு. அதுவும் வெள்ளைப்புள்ளிதானா?

மேலே சொன்ன புள்ளியை உப்புக்கல் என்றால் இது சலித்த மாவு. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் லேசாகப் பொன் நிறத்தில் மின்னும். இதற்கு வெல்வெட் என்று பெயர், அமிலூடினியம் என்ற உயிரியால் வருவது. இது முதலில் செவுளைத்தான் பிடிக்கும். அதனால் தோலில் மாவு தெரிவதற்கு முன்பே மூச்சு ஏறிவிடும், மீன் பவர்ஹெட்டின் நீரோட்டத்துக்கு நேராக முகத்தைக் கொடுத்து நிற்கும். வெள்ளைப்புள்ளி யோசிக்க ஒரு வாரம் தரும். வெல்வெட் தராது.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை ஒரு கடையில் பவுடர் ப்ளூ டேங் ஒன்றைப் பார்த்தேன். கொழுகொழு என்று இருந்தது, கடைக்காரர் போட்டதைத் தின்றது. தனியாக வைக்காமல் நேரே தொட்டியில் விட்டேன். திங்கட்கிழமை அது நீரோட்டத்தில் போய் நின்றதைப் பார்த்து "விளையாடுகிறது" என்று வீட்டில் காட்டினேன். செவ்வாய் இரவு மாவு தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஆறு மீன் போயின, அதில் நான்கு வருடம் வளர்ந்த நீமோ ஜோடியும் சேர்த்தி. கடையைக் குறை சொல்லிப் பயனில்லை, விட்டது நான்.

வெல்வெட் சந்தேகம் வந்தால் அன்றைக்கே எல்லா மீனையும் எடுத்துத் தாமிர மருந்து உள்ள தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். நாளை என்று தள்ளாதீர்கள்.

நீமோ உடம்புல வெள்ளையா சளி மாதிரி உரியுது. இதுக்கும் தாமிரம்தானா?

இல்லை. வாங்கி ஒரு வாரத்துக்குள் நீமோ இப்படி ஆனால் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் தாமிரம் வேலை செய்யாது. ஃபார்மலின் குளியல்தான் பழைய, நம்பகமான வழி: 37 சத ஃபார்மலின் லிட்டருக்கு 0.15 மில்லி, தனி வாளியில், ஏர் ஸ்டோன் நன்றாக ஓட, அரை மணி நேரம். மீன் சாய்ந்தால் நேரம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். குளியல் முடிந்த மீன் பழைய தண்ணீருக்குத் திரும்பக் கூடாது, சுத்தமான வேறு தொட்டிக்குத்தான் போக வேண்டும்.

ஃபார்மலின் புற்றுநோய் தரக்கூடிய ரசாயனம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். பாட்டில் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம், அந்தப் படிவு மீனுக்குக் கடும் விஷம்.

பச்சை குரோமிஸ் மீனின் விலாவில் செக்கச்செவேல் என்று புண் வந்தால் அது யூரோனிமா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. அதற்கும் தாமிரம் பயன்படாது. உண்மையைச் சொன்னால், புண் தெரியும் நிலையில் என்னால் ஒரு குரோமிஸைக்கூடக் காப்பாற்ற முடிந்ததில்லை.

எல்லாத்துக்கும் தனித் தொட்டி தனித் தொட்டின்னு சொல்றீங்க. மெயின் தொட்டியிலயே மருந்து போட்டா என்ன?

தாமிரம் போட்டால் இறால், நத்தை, பவளம், மணலில் இருக்கும் புழு எல்லாம் சாகும். சுண்ணாம்புக் கல்லும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மருந்தின் அளவும் நிற்காது, பிற்பாடு அது எப்போது கசியும் என்றும் தெரியாது.

தனித் தொட்டிக்குப் பெரிய செலவில்லை. இரண்டடித் தொட்டி ஒன்று, அதுவும் இல்லாவிட்டால் 60 லிட்டர் பிளாஸ்டிக் டப். ஒரு ஹீட்டர், ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய நாலு பிவிசி எல்போ. மணலோ கல்லோ போடக் கூடாது. ஸ்பாஞ்சை மட்டும் எப்போதும் மெயின் தொட்டியின் சம்ப்பில் (ஃபில்டர் இருக்கும் துணைத் தொட்டி) ஊறப் போட்டு வையுங்கள். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஏறிய ஸ்பாஞ்ச் இல்லாமல் அவசரத்துக்குத் தொட்டி போட்டால், மீன் நோயில் சாகாமல் அமோனியாவில் சாகும்.

உரக்கடையில மயில்துத்தம் கிலோ கணக்குல கிடைக்குது. எதுக்கு அண்ணா அந்த பாட்டில் மருந்து?

மயில்துத்தம் தாமிரச் சல்ஃபேட்தான், அதில் சந்தேகமில்லை. எடையில் கால் பங்கு தாமிரம். ஆனால் வயலுக்கு விற்பதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. அதோடு, வெறும் தாமிரம் கடல்நீரில் சீக்கிரம் படிந்து இறங்கிவிடும். அது வேலை செய்யும் அளவு 0.15 முதல் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரைதான். அதற்குக் கீழே ஒட்டுண்ணி சாகாது, கொஞ்சம் மேலே போனால் மீன் சாகும். காலையும் மாலையும் அளந்து சரிசெய்யப் பொறுமை இருந்தால் ஒழிய வேண்டாம்.

கீலேட் செய்யப்பட்ட, அதாவது தாமிரத்தை வேறொரு பொருளோடு பிணைத்து வைத்த பாட்டில் மருந்து படியாமல் நிற்கும். அதற்கு அளவு வேறு, பெரும்பாலும் 2 முதல் 2.5 பிபிஎம். இந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொண்டால் கதை முடிந்தது, உங்கள் பாட்டிலில் இருப்பதையே பின்பற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் மெதுவாக ஏற்றி, முழு அளவில் 30 நாள் வையுங்கள். 14 நாள் முழு அளவில் வைத்துவிட்டு, சுத்தமான இன்னொரு தொட்டிக்கு மாற்றினாலும் போதும். ஒருநாள் அளவு கீழே இறங்கிவிட்டால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாமிரம் இருக்கும்போது அமோனியாவைக் கட்டும் திரவங்களை ஊற்றாதீர்கள். அவற்றில் சில, தாமிரத்தை இன்னும் விஷமான வடிவத்துக்கு மாற்றிவிடும். அமோனியா ஏறினால் தண்ணீரை மாற்றி, மாற்றிய தண்ணீருக்கு உரிய தாமிரத்தைச் சேர்த்துவிடுங்கள்.

தாமிரம் போட பயமா இருக்கு. வேற வழியே இல்லையா?

வெள்ளைப்புள்ளிக்கு மட்டும் இரண்டு வழி உண்டு. ஒன்று, தொட்டி மாற்றுவது. கழன்று விழுந்த ஒட்டுண்ணி கூடு கட்டி வெடிக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும் என்று மேலே பார்த்தோம். அதற்குள் மீனை வேறு சுத்தமான டப்புக்கு மாற்றிவிட்டால் குஞ்சு பொரியும்போது மீன் அங்கே இருக்காது. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு மாற்றம், 12 நாள். டப், ஹீட்டர், ஏர் குழாய் எல்லாம் இரண்டு செட் வேண்டும், கழற்றிய செட்டைக் கழுவி வெயிலில் எலும்பு காய்கிற மாதிரி காயப்போட வேண்டும். நம் ஊர் வெயில் இதற்காவது உதவட்டும்.

இன்னொன்று, உப்பைக் குறைப்பது. அடர்த்தியை 1.009க்குக் கொண்டுவந்து 30 நாள் வைப்பது. 1.011ல் நின்றாலும் பலனில்லை, அதனால்தான் ரிஃப்ராக்டோமீட்டர் சரியாக இருக்க வேண்டும் என்றேன். முடிந்ததும் பல நாள் எடுத்து மெதுவாக ஏற்றுங்கள். வெல்வெட்டுக்கு இந்த இரண்டு வழியும் உதவாது.

மீனை எல்லாம் எடுத்தாச்சு. மெயின் தொட்டியை எத்தனை நாள் காலியா வைக்கணும்?

76 நாள். கூடு 72 நாள் வரை தாங்கிய கணக்கின் மேல் நாலு நாள் கூட்டி வந்த எண் இது. இறால், நத்தை, பவளம் எல்லாம் உள்ளேயே இருக்கலாம், அவற்றை இந்த ஒட்டுண்ணி பிடிக்காது. ஆனால் ஒரே ஒரு சின்ன கோபி மீனை "பாவம், பிடிக்க முடியவில்லை" என்று விட்டுவைத்தால் 76 நாளும் வீண். அந்த நாட்களில் நோய்த் தொட்டியில் வைத்த வலையையும் கையையும் நனைந்தபடியே இதில் விடாதீர்கள்.

நல்ல தண்ணியில முக்கி எடுத்தா சரியாயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. வெள்ளைப்புள்ளி தோலுக்கு அடியில் இருப்பதால் அதை நல்ல தண்ணீர் ஒன்றும் செய்யாது. மீனின் தோலிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் தட்டைப் புழுவுக்குத்தான் இது அருமையான சோதனை. ஆர்ஓ தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டுப் பிஎச்சைத் தொட்டி அளவுக்கு ஏற்றி, அரை மணி நேரம் காற்று விடுங்கள். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீர் கூடாது. கறுப்பு வாளி என்றால் நல்லது. மீனை ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்து கண்ணுக்குப் படாத புழுக்கள் வெளுத்து, வெள்ளை எள் மாதிரி வாளியின் அடியில் விழும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது.

எள் விழுந்தால் பிராசிகுவாண்டெல் என்ற புழு மருந்து வேண்டும், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். 100 லிட்டருக்குக் கால் கிராம். முட்டையை இது கொல்லாது, ஆகவே ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. மருந்து போட்டபின் பாக்டீரியா பெருகித் தண்ணீர் கலங்கும், ஏர் பம்ப் ஓடட்டும்.

ஒரு கண்ணு மட்டும் பிதுங்கி நிக்குது.

ஒரு கண் என்றால் பெரும்பாலும் எங்கோ இடித்துக்கொண்டது. தண்ணீரைச் சுத்தமாக வைத்து இரண்டு வாரம் காத்திருங்கள். இரண்டு கண்ணும் பிதுங்கினால் உள்ளே பாக்டீரியாத் தொற்று இருக்கலாம். துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி திரண்டிருந்தால் அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ். மருந்தில்லை, தேவையும் இல்லை, நல்ல சாப்பாட்டில் தானே உதிரும்.

மெடிக்கல்ல டாக்ஸிசைக்ளின் வாங்கி தண்ணில கரைச்சேன், ஒண்ணுமே ஆகலையே?

ஆகாது. டாக்ஸிசைக்ளின், டெட்ராசைக்ளின் வகைகளைக் கடல்நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கட்டிப்போட்டுவிடும். ஒட்டுண்ணிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது இன்னும் வீண், ஃபில்டர் பாக்டீரியாதான் அடிபடும். தொற்று பாக்டீரியாதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மருந்தைத் தீனியில் கலந்து கொடுக்க வேண்டும். அதை மீன்வளம் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பூண்டுச் சாறு, கிளீனர் இறால், யுவி லைட்... இதெல்லாம் சும்மாவா அப்போ?

பூண்டு வாசனைக்குச் சில மீன் சாப்பிட வரும், அதோடு சரி. கிளீனர் இறால் மீனின் மேலே இருப்பதைக் கொத்தித் தின்னும், தோலுக்கு அடியில் இருப்பதை எடுக்க முடியாது. கிளீனர் ராஸ் மீன் கடலில் தின்பது வேறு ஒட்டுண்ணியை. வீட்டுத் தொட்டியில் அது பட்டினியில்தான் சாகிறது, வாங்காதீர்கள். யுவி, நீந்தும் குஞ்சுகளைக் குறைக்கும், ஒழிக்காது.

நாங்க கோவளத்துல இருந்து கடல் தண்ணிதான் கொண்டு வர்றோம். இயற்கைதானே, நோய் வருமா?

கடலில் மீன் இருக்கிற இடத்தில் அதன் ஒட்டுண்ணியும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைத் தண்ணீர் கலந்து கரையோர உப்பும் குறைந்திருக்கும், ஆற்று முகத்துவாரம் பக்கத்தில் இருந்தால் சாக்கடையும் சேரும். கொண்டுவந்தே தீருவேன் என்றால் குளோரின் போட்டு ஒருநாள் வைத்து, குளோரினை முறித்து, டெஸ்டில் பூஜ்யம் வந்தபின் பயன்படுத்துங்கள். அப்படியே ஊற்றாதீர்கள்.

ராமேஸ்வரம் பக்கம் போய்ப் பவளக்கல் எடுத்து வருகிறேன் என்பவர்களுக்கு: மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, பவளப் பாறைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மீன் நோய்க்கு முன்னால் வேறு பிரச்சினை வந்துவிடும்.

நோய் வராத மீனா பார்த்து வாங்கணும்னா எது வாங்கலாம்?

வராத மீன் என்று ஒன்றில்லை. ஆனால் பண்ணையில் பிறந்த நீமோ, கடலில் பிடித்ததைவிடத் தெம்பாக இருக்கும், தொட்டித் தீனியும் பழகியிருக்கும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் நீமோ வகைகளைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கின்றன. பவுடர் ப்ளூ டேங், டோரி இரண்டும் வெள்ளைப்புள்ளியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் ரகம். எதை வாங்கினாலும் 30 நாள் தனித் தொட்டி. என் ஆறு மீன் கதையை மேலே படித்தீர்கள்தானே.

எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன், பக்கவாட்டில கிடந்து துடிக்குது. பார்க்க முடியல. என்ன பண்றது?

இதை யாரும் நேராகக் கேட்பதில்லை, சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். கழிவறையில் விட்டுத் தண்ணீர் ஊற்றுவது, ஃப்ரீசரில் வைப்பது இரண்டும் மீனுக்குச் சித்திரவதை. மருந்துக்கடையில் கிராம்பு எண்ணெய் கிடைக்கும். சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பால் மாதிரி ஆகும்வரை குலுக்குங்கள். இரண்டு லிட்டர் தொட்டித் தண்ணீரில் மீனை வைத்து முதலில் கொஞ்சம் ஊற்றினால் மயங்கிவிடும். அசைவில்லாமல் ஆனதும் மீதியையும் ஊற்றுங்கள். செவுள் நின்றபிறகும் அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும், சில மீன் மயக்கத்திலிருந்து எழுந்துவிடும்.

எடுத்ததும் பூந்தொட்டியில் புதைப்பதற்கு முன், டார்ச் அடித்துச் செவுளைத் திறந்து பாருங்கள். வெளுத்திருக்கிறதா, சளி கட்டியிருக்கிறதா என்று நாலு படம் எடுத்து வையுங்கள். தொட்டியில் மிச்சம் இருக்கும் மீனுக்கு எந்த மருந்து என்பது பல தடவை எனக்கு அந்தப் படத்தில்தான் தெரிந்திருக்கிறது.